பொதிகையில் அளந்த வடக்கின் ஒளி



2024ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள், சனிக்கிழமை முற்பகல் பதினொரு மணியளவில் என் கைப்பேசி ஒலித்தது. அழைத்தவர் என் பழைய மாணவி. இந்தப் புலாவ் செபாங்கிற்கு அருகில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் பயின்று, இப்போது கனடாவின் டொராண்டோ நகரில் செவிலியராகப் பணிபுரிபவர். அங்கே அப்போது வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணி. அடுக்குமாடியின் கீழே, வண்டிகள் நிறுத்துமிடத்தில் அண்ணாந்து நின்றபடி பேசினார். "ஐயா, வானத்தில் ஏதோ அசைகிறது. கண்ணுக்குச் சாம்பல் நிற மேகம்போல்தான் இருக்கிறது. கைப்பேசியில் படம் எடுத்தால் செக்கச்செவேல் என்று விழுகிறது. இதற்குத் தமிழில் என்ன பெயர்?"

"துருவ ஒளி" என்றேன். சொல்லி முடித்தபின் அச்சொல் எனக்கே நிறைவளிக்கவில்லை. அன்று தொடங்கிய தேடலே இன்றைய உரை.

புலாவ் செபாங் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ இரண்டரைப் பாகையில் உள்ளது. அந்த ஒளி இங்கே தோன்றுவதில்லை. காண முடியாத ஒன்றைப் பற்றி இவ்வூரில் ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஒளி எப்போது தோன்றும் என்று முன்கூட்டிச் சொல்லும் கலை, ஒளி தோன்றும் நாடுகளில் மட்டும் வளர்ந்ததன்று. அதன் வரலாற்றில் ஒரு பெரும்பகுதி மும்பையிலும் திருவனந்தபுரத்திலும் பொதிகை மலையிலும் கோடைக்கானலிலும், நமக்கு அண்டையிலுள்ள சிங்கப்பூரிலும் எழுதப்பட்டது. எழுதியவர்களில் பலர் அவ்வொளியைத் தம் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். மேலைநாட்டார் இதனை 'அரோரா' என்பர். இலத்தீன் மொழியில் அது விடியலின் பெயர். வடக்கில் தோன்றும் விடியல் என்னும் பொருளுடைய தொடர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கிற்கு வந்தது. தமிழில் துருவ ஒளி, துருவச் சோதி, வடவொளி என்றெல்லாம் எழுதுகிறோம். துருவம் என்னும் வடசொல்லுக்கு அசையாது நிலைபெற்றது என்பது பொருள். வானில் இதைப்போல் நிலைகொள்ளாத ஒளி வேறில்லை. மேலும், ஒளி துருவத்தின் உச்சியில் கூடுவதில்லை. புவியின் காந்த முனையைச் சுற்றி ஒரு வளையமாக, அம்முனையிலிருந்து இருபது, இருபத்தைந்து பாகை தள்ளியே நிற்கிறது. ஆக, பெயரில் இரண்டு பிழைகள். எனினும் வழக்கில் நிலைத்த சொல்லை மாற்ற முனைவது வீண்வேலை என்பதை நாற்பதாண்டுக் காலம் மொழியியல் கற்பித்து அறிந்திருக்கிறேன்.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. நம் இலக்கியங்களில் வரும் 'வடவைத் தீ' இந்த வடதிசை ஒளியே என்று மேடைகளில் சிலர் முழங்குவதுண்டு. ஒலியொப்புமை நம்மை மயக்கும் இடம் இது. வடவை என்பது 'வடவா', அதாவது பெண்குதிரை, என்னும் வடசொல்லின் வழி வந்தது. கடலுள் பெண்குதிரை முகத்தோடு எரியும் ஊழித்தீ என்பது புராணக் கருத்து. திசைப்பெயராகிய 'வட' அதில் இல்லை. நம்மிடம் இல்லாத பெருமையை நாம் தேட வேண்டியதில்லை. இருக்கும் பெருமை வேறிடத்தில் இருக்கிறது.

1741இல் சுவீடன் நாட்டின் உப்சாலா நகரில் ஆண்டர்ஸ் செல்சியசும் அவருடைய உதவியாளர் ஓலோஃப் ஹியோர்ட்டரும் காந்த ஊசி ஒன்றை நாள்தோறும் கவனித்துவந்தனர். வானில் ஒளி ஆடும்போதெல்லாம் ஊசியும் ஆடியது. அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் நாள் இலண்டனில் ஜார்ஜ் கிரகாம் என்பவரின் ஊசியும் அதே வேளையில் ஆடியது பின்னர் ஒப்பிட்டு அறியப்பட்டது. ஒளியைக் காணாதவனும் ஊசியைக் கண்டு ஒளியின் வரவை அறியலாம் என்பது அன்று தெளிவாயிற்று. ஊசிக்குப் பகலும் இல்லை, இரவும் இல்லை, மேக மறைப்பும் இல்லை. எனவே ஊசியை உலகெங்கும் வைக்கவேண்டும் என்ற எண்ணம் பிறந்தது.

அவ்வெண்ணம் செயலான காலத்தில் இந்தியாவின் பெரும்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் இருந்தது. சென்னை, சிம்லா, மும்பை, சிங்கப்பூர் ஆகிய நான்கு இடங்களில் காந்த ஆய்வு நிலையங்கள் அமைக்கத் திட்டமிடப்பட்டது. சிங்கப்பூர் நிலையத்தை 1841 முதல் 1845 வரை நடத்தியவர் சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் எலியட். அதன்பின் 1846 முதல் 1849 வரை இத்தீவுக்கூட்டம் முழுவதும் சுற்றிக் காந்த அளவைகள் எடுத்தார். நம் கடற்பரப்பிற்கு முதல் காந்த வரைபடம் தந்தவர் சென்னையிலிருந்து வந்த ஒரு படையதிகாரி என்பதைப் பள்ளிப் பாடநூல்கள் சொல்வதில்லை.

திருவிதாங்கூரில் நிலைமை வேறு. அங்கே வானாய்வு நிலையத்தை 1837இல் நிறுவியவர் மன்னர் சுவாதித் திருநாள். இசைவாணராக மட்டுமே அவரை நாம் நினைவுகூர்கிறோம். அந்நிலையத்திற்கு 1852இல் இயக்குநராக வந்தார் ஜான் ஆலன் பிரவுன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். ஸ்காட்லாந்து அவ்வொளி தோன்றும் நாடு. அதை விட்டு, அது தோன்றவே தோன்றாத நாட்டிற்கு வந்து, பதின்மூன்று ஆண்டுகள் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் சரியாகச் சொன்னால், அவர் பயிற்றுவித்த உள்ளூர் உதவியாளர்கள் மணிதோறும், இரவும் பகலும், முறைவைத்துப் பார்த்து எழுதினர்.

பிரவுன் இதனோடு நிற்கவில்லை. உயரம் கூடினால் அளவை மாறுமா என்று அறிய, அகத்தியர் மலையின் உச்சியிலேயே ஒரு காந்த ஆய்வு நிலையத்தை 1850களில் எழுப்பினார். கடல் மட்டத்திற்கு மேல் 1,868 மீட்டர் உயரம். காட்டுவழியில் கருவிகளைச் சுமந்து ஏற்றினார்கள். மழையும் காற்றும் குளிரும் அறைந்த அவ்வுச்சியில் மனிதர்கள் தங்கி ஊசியைப் படித்தார்கள். திருவனந்தபுரம், அகத்தியர் மலை ஆகிய இரண்டிடத்துக் குறிப்புகளும் சேர்ந்து 1874இல் நூலாயின. அந்நூலின் தலைப்பிலேயே 'அகத்தியர் மலை' இடம்பெற்றிருக்கிறது.

தமிழ் மாணவர்களுக்கு அகத்தியர் மலை என்றால் பொதிகை. கயிலையில் இறைவன் திருமணத்திற்கு எல்லோரும் கூடியபோது வடக்குத் தாழ்ந்து தெற்கு உயர்ந்தது என்றும், அதனைச் சமன்செய்ய அகத்தியர் தெற்கே அனுப்பப்பட்டார் என்றும் கதை. வகுப்பறையில் இக்கதையைச் சொல்லும்போதெல்லாம் நான் சிரித்துக்கொண்டே சொல்வது வழக்கம். பிரவுனின் நூலைப் பற்றி அறிந்தபின் அவ்வளவு எளிதாகச் சிரிக்க முடியவில்லை. புவிக்காந்தப் புலம் கிடைமட்டமாகக் கிடக்கும் காந்த நடுக்கோடு திருவனந்தபுரத்திற்கும் திருநெல்வேலிக்கும் அருகிலேயே செல்கிறது. வடகோடியின் குழப்பம் எவ்வளவு பெரிது என்று அறிய, அக்கோடியிலிருந்து மிகத் தொலைவில் ஒருவன் தராசு பிடிக்க வேண்டியிருந்தது. கதை கதைதான். ஆனால் தராசு பிடித்த இடம் அதே மலை.

பிரவுன் கண்டவை இரண்டு. புவிக்காந்தத்தின் கிடைமட்ட வலிமை நாளுக்கு நாள் மாறும்போது, அம்மாற்றம் உலகெங்கும் ஏறத்தாழ ஒருசேர நிகழ்கிறது என்பது ஒன்று. அம்மாற்றம் ஏறத்தாழ இருபத்தாறு நாளுக்கு ஒருமுறை மீண்டு வருகிறது, அது சூரியன் தன்னைத்தான் சுற்றும் காலத்தோடு ஒட்டியது என்பது மற்றொன்று. இன்று அமெரிக்காவின் விண்வெளி வானிலை மையம் வாரந்தோறும் இருபத்தேழு நாள் கணிப்பு ஒன்றை வெளியிடுகிறது. சூரியனின் ஒரே பகுதி மீண்டும் நம்மை நோக்கித் திரும்ப ஆகும் காலம் அது. அக்கணிப்பின் வேரில் பொதிகைக் காற்றும் இருக்கிறது.

என் மாணவி வாழும் டொராண்டோவுக்கும் இதில் பங்குண்டு. 1840இல் பிரித்தானியர் அங்கே ஒரு காந்த நிலையம் அமைத்தனர். டொராண்டோவிலும் தென்கோளத்தின் ஹோபார்ட்டிலும் எடுத்த அளவைகளை வைத்து, எட்வர்ட் சபைன் என்பார் 1852இல் ஒன்றைக் காட்டினார். சூரியப் புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் காந்தக் குழப்பமும் மிகுகிறது, குறையும் ஆண்டுகளில் குறைகிறது. ஊசியை அசைப்பது சூரியன்.

ஏழாண்டுகள் கழித்து அதற்குச் சான்று வந்தது. 1859 செப்டம்பர் 1ஆம் நாள் முற்பகலில் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேரிங்டன் சூரியப் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தபோது, அவற்றின் நடுவே வெண்ணிறச் சுடர் ஒன்று சில நிமிடங்கள் பளிச்சிட்டு மறைந்தது. ஏறத்தாழ பதினேழரை மணி நேரத்திற்குப் பிறகு உலகம் முழுவதும் காந்தப் புயல். தந்திக் கம்பிகளில் தானாக மின்சாரம் ஓடியது. கரீபியத் தீவுகள் வரை வானம் சிவந்தது. மும்பைக் கொலாபாவில் அப்போது பகல். ஒளி தோன்றியிருந்தாலும் எவருக்கும் தெரிந்திராது. ஆனால் அங்கிருந்த உதவியாளர்கள் ஊசியைப் படித்து எழுதிக்கொண்டிருந்தனர். கிடைமட்ட வலிமை திடீரென ஏறத்தாழ 1,600 நானோடெஸ்லா வீழ்ந்து மீண்டதை அக்குறிப்புகள் காட்டுகின்றன. இயல்பான அளவில் அது நூற்றுக்கு நான்கு பங்கு. வடக்கே ஒளிவளையத்திற்கு அருகிலிருந்த நிலையங்களில் பல கருவிகள் அளவெல்லையைத் தாண்டிவிட்டன. கொலாபாவின் தாள்கள் தப்பின. 2003இல் அறிஞர்கள் அத்தாள்களை மீண்டும் படித்துத்தான் அந்தப் புயலின் வலிமையை மதிப்பிட்டனர். அத்தாளில் எண்களை எழுதிய கைகளுக்கு உரியவர்களின் பெயர்களை நாம் அறியோம்.

இவ்விரு நிலையங்களுக்கும் பின்னர் நேர்ந்தது ஒன்றே. நகரம் அவற்றைத் துரத்தியது. டொராண்டோ வீதிகளில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியதும் ஊசி டிராமுக்கெல்லாம் ஆடத் தொடங்கிற்று. 1898இல் நிலையத்தை நகருக்கு வெளியே அஜின்கோர்ட் என்னும் சிற்றூருக்குக் கொண்டுபோயினர். மும்பையிலும் டிராம் வரப்போகிறது என்றவுடன் 1904 முதல் 1906க்குள் கொலாபாவின் காந்தப் பணி கடலுக்கு அப்பாலுள்ள அலிபாகிற்கு மாறியது. அலிபாக் இன்றும் இயங்குகிறது. அஜின்கோர்ட் இன்று சிற்றூர் அன்று. ஸ்கார்பரோவின் ஒரு பகுதியாகி, தமிழ்க் கடைகளும் கோயில்களும் நிறைந்த புறநகராயிற்று. என் மாணவி அண்ணாந்து நின்ற அந்த வண்டி நிறுத்துமிடம் அங்கிருந்து இரண்டு பேருந்து நிறுத்தத் தொலைவில் உள்ளது. ஊசியைக் காக்க ஒருகாலத்தில் ஓடிவந்த இருளான இடத்தில், இன்று விளக்கொளி மிகுந்து வானம் தெரியாமல் போயிருக்கிறது.

இனிக் கோடைக்கானல். இவ்வரலாற்றில் நம்மவர்க்கு மிக நெருங்கிய பகுதி இதுவே. அதன் தொடக்கம் ஒளியில் இல்லை, பசியில் இருக்கிறது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் வாய்மொழியில் வாழ்ந்தது அது. இறந்தோர் பல இலட்சம். பிழைத்தோரில் பலர் கடல் கடந்தனர். இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவின் கரும்புத் தோட்டங்களுக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் சென்றவர்கள் உண்டு. 1896இல் இதே மலாக்காவில் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் இரப்பர் மரங்களை நட்டபின், கங்காணிமார் வழியாக வந்தோர் தொகை பெருகியது. நம் குடும்பங்களின் கதைகளை உசாவினால், பஞ்சத்தில் போய் முடியும் கதைகள் பல கிடைக்கும்.

பஞ்ச ஆண்டான 1877இல் டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் என்னும் அதிகாரி, சென்னையின் மழைக் கணக்கைச் சூரியப் புள்ளிக் கணக்கோடு ஒப்பிட்டு ஒரு சிறு நூல் வெளியிட்டார். புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் மழை குறைகிறது, எனவே பஞ்சத்தை முன்கூட்டிச் சொல்லலாம் என்பது அவர் வாதம். வானியலறிஞர் நார்மன் லாக்கியரும் உடன்சேர்ந்தார். பஞ்ச ஆணையம் இக்கருத்தைக் கவனத்தில் கொண்டது. சூரியனை நாள்தோறும் கவனிக்கத் தென்னிந்திய மலையில் ஒரு நிலையம் வேண்டும் என்ற முயற்சி இவ்வாறே வலுப்பெற்றது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் மிக்கி ஸ்மித் பழனி மலைத்தொடரில் இடம் தேர்ந்தார். 1895இல் அடிக்கல் நாட்டப்பட்டது, 1899இல் நிலையம் தொடங்கியது. 1792இல் நிறுவப்பட்ட சென்னை வானாய்வு நிலையத்தின் பணிகள் அங்கே மாறின.

கருதிய பயன் விளைந்ததா? விளையவில்லை. இந்திய வானிலைத் துறையின் தலைவராக 1904இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் புள்ளியியல் முறையில் கணக்கிட்டு, சூரியப் புள்ளிக்கும் மழைக்கும் கணிப்புக்கு உதவும் அளவிற்கு உறவில்லை என்று காட்டினார். 1877இன் வறட்சிக்குக் காரணம் பசிபிக் பெருங்கடலின் எல் நினோ என்று இன்று அறிகிறோம். பஞ்சத்தைத் தடுக்கக் கணிப்பைவிடத் தானியமே தேவைப்பட்டது என்பது என் தனிக்கருத்து. அப்பஞ்ச ஆண்டுகளிலும் தானியம் கப்பலேறியது.

ஆனால் கோடைக்கானல் நிறுத்தவில்லை. 1904 முதல் சூரியனின் படத்தை நாள்தோறும் கண்ணாடித் தகட்டில் பிடித்துவந்தது. ஜான் எவர்ஷெட் 1909 சனவரியில் சூரியப் புள்ளியிலிருந்து வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை அங்கே கண்டறிந்தார். நூறாண்டைக் கடந்த அத்தகடுகள் இப்போது எண்ணிமப் படிகளாகி, சூரியன் எப்போது பொங்கும், எப்போது அடங்கும் என்று ஆராய்வோர்க்கு மூலச் சுவடிகளாய் உதவுகின்றன. பசியை முன்னறியத் தொடங்கிய பணி, ஒளியை முன்னறிவோர் கைக்கு வந்து சேர்ந்தது.

அதே 1909ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் பெருங்காந்தப் புயல் ஒன்று வீசியது. அன்றிரவு சிங்கப்பூரிலும் ஒளி தெரிந்ததாகப் பல நூல்கள் எழுதிவந்தன. நமக்கு இனிக்கும் செய்திதான். பாட்டனார் யாரேனும் ஜொகூரிலோ மலாக்காவிலோ நின்று பார்த்திருப்பாரோ என்று மனம் ஏங்குகிறது. ஆயின் சுவடி ஆராய்ச்சி பயின்றவன் ஒன்றைக் கேட்க வேண்டும். மூலப்பாடம் எங்கே? ஒரு நூல் மற்றொன்றைப் பார்த்து எழுத, அது மூன்றாவதில் ஏறி, நாளடைவில் உண்மை போலாகிவிடுவது ஏட்டுச்சுவடியில் மட்டும் நிகழ்வதன்று. 2019இல் அப்புயலின் சான்றுகளை ஆய்வாளர் மீண்டும் திரட்டி நோக்கியபோது, ஐயமற்ற காட்சிகள் சப்பானிலும் ஆசுதிரேலியாவிலும் நின்றுவிட்டன. 1921 மே மாதத்துப் புயலில் பசிபிக்கின் சமோவா தீவு ஆய்வு நிலையத்தார் தென்வானில் ஒளியைக் கண்டு பதிவுசெய்தது உண்மை. மும்பையில் 1872 பிப்ரவரி 4ஆம் நாள் இரவு ஒளி தெரிந்ததென்று அக்கால நாளிதழ்ச் செய்தி உண்டு. சிங்கப்பூரை மட்டும் ஐயத்தோடு வைத்துக்கொள்வோம்.

இன்று கணிப்பு எவ்வாறு நடைபெறுகிறது? சூரியனிலிருந்து காந்தமேறிய பிழம்பு பெருந்திரளாக வீசப்படுவதைத் தொலைநோக்கிகள் காண்கின்றன. அது புவியை வந்தடைய ஒரு நாள் முதல் மூன்று நாள் ஆகும். வரும் நேரத்தைச் சில மணி நேரப் பிழையோடு சொல்லிவிடலாம். ஆனால் ஒளி தோன்றுமா என்பது வேறு வினா. வரும் பிழம்பின் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால், புவியின் புலத்தோடு பிணைந்து கதவு திறக்கும். வடக்கு நோக்கி இருந்தால் பெரும்பாலும் கதவு அடைத்தபடியே இருக்கும். எத்திசை என்பதைப் புவியிலிருந்து பதினைந்து இலட்சம் கிலோமீட்டர் தொலைவில், சூரியனுக்கும் நமக்கும் இடையே காவலிருக்கும் விண்கலங்கள்தான் அளந்து சொல்ல முடியும். அங்கிருந்து புவிக்கு அப்பிழம்பு வர அரைமணி முதல் ஒரு மணி நேரம். உறுதியான முன்னறிவிப்புக்குக் கிடைக்கும் கால அளவு அவ்வளவுதான்.

அந்தக் காவலிடத்தில் இப்போது இந்தியாவின் ஆதித்யா எல்-1 விண்கலமும் இருக்கிறது. 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு, 2024 சனவரி 6ஆம் நாள் தன் சுற்றுப்பாதையை அடைந்தது. அதன் முதன்மைக் கருவியை உருவாக்கிய இந்திய வானியற்பியல் நிறுவனமே கோடைக்கானல் நிலையத்தையும் நடத்துகிறது. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டையைச் சேர்ந்தவர். 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். பொதிகைக்கு வடக்கே, அதே மலைத்தொடரின் அடிவாரம்.

புயலின் கடுமையைப் பூச்சியம் முதல் ஒன்பது வரையிலான ஓர் எண்ணால் குறிப்பர். டொராண்டோவில் ஒளியை எதிர்பார்க்க ஆறு அல்லது ஏழு வேண்டும். 2024 மே மாதம் ஒன்பதை எட்டியது. 2003க்குப் பிறகு அத்தகைய புயல் வந்ததில்லை. இலடாக்கில் ஹான்லே வானாய்வு நிலையத்தின் கருவியிலும் அன்றிரவு வடவானம் சிவப்பாகப் பதிவாயிற்று. புயலின் மொத்த வலிமைக்கு இன்னோர் அளவும் உண்டு. அது ஒளிநாடுகளில் அளக்கப்படுவதில்லை. ஹொனலூலு, சான் வான், ஹெர்மானஸ், ககியோகா என்று நடுக்கோட்டிற்கு ஓரளவு அண்மையிலுள்ள நிலையங்களின் ஊசிகளே அதைத் தருகின்றன. பிரவுனின் உதவியாளர்கள் எழுதிய அதே கிடைமட்ட வலிமைதான்.

ஆசிரியர்களுக்கு ஓர் இலக்கணக் குறிப்பு. கணிப்பு மையங்களின் அறிவிப்பைத் தமிழாக்கும் நாளேடுகள் 'இன்றிரவு துருவ ஒளி தெரியும்' என்று எழுதுகின்றன. மூலத்தில் இருப்பது 'தெரியலாம்' என்பதே. நம் மொழியில் 'உம்' ஈறு உறுதியையும் வழக்கத்தையும் எதிர்காலத்தையும் ஒருங்கே சுமக்கிறது. 'லாம்' ஈறு வாய்ப்பை மட்டும் சொல்லிக் கைவிரிக்கிறது. மாணவர்கள் இவ்வேறுபாட்டை அறிய இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. இன்னொன்று: 'தெரி' என்னும் வினை கண்ணுக்குப் புலப்படுதலையும் அறிவுக்குப் புலப்படுதலையும் ஒன்றாகவே சொல்கிறது. பிரவுனுக்கு ஒளி தெரிந்தது, தெரியவில்லை என்று இரண்டும் எழுதலாம்.

நார்வேயின் வடகோடியில் வாழும் ஈழத்தமிழர்க்கு இந்த எண்ணெல்லாம் தேவையில்லை. 1980களிலிருந்து ஃபின்மார்க் கடற்கரையின் மீன் பதனிடும் ஆலைகளில் உழைத்தவர்கள் அவர்கள். ஒளிவளையம் அவர்கள் கூரைக்கு மேலேயே நிற்கிறது. அங்கே பார்க்க வேண்டியது மேகக் கணிப்பு மட்டும்.

நகரவாசிக்கோ இடர் பல. புவி வளைந்திருப்பதால் தெற்கே இருப்பவருக்கு ஒளித்திரையின் மேல்விளிம்பு மட்டுமே தெரியும். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஆக்சிசன் அணுக்கள் சிவப்பாக ஒளிர்கின்றன. கீழே நூறு, நூற்றைம்பது கிலோமீட்டரில் பச்சையாக ஒளிர்கின்றன. மங்கிய ஒளியில் நம் கண் நிறமறியாது. சிவப்பை அறவே அறியாது. கைப்பேசியோ சில நொடிகள் ஒளியைச் சேர்த்துவைத்துப் படமாக்குவதால் நிறம் காட்டுகிறது. என் மாணவி கண்டது அதுவே. தெருவிளக்கு கண்ணில் படாத இடம், வடக்கே தடையற்ற அடிவானம், கண் இருளுக்குப் பழக இருபது நிமிடப் பொறுமை, இம்மூன்றும் வேண்டும். என் இளமையில் இரவு பத்து மணிக்குத் தோட்டத்து மின்பொறி நின்றதும் லயத்து வாசலில் கிடைத்த இருளை, இப்போது பணம் கொடுத்துத் தேடிப் போகிறார்கள்.

2024 அக்டோபர் 10ஆம் நாள் மீண்டும் ஒரு பெரும்புயல். இம்முறை மாணவி முன்கூட்டியே கேட்டறிந்து, மகளைப் பார்க்க ஊரிலிருந்து போயிருந்த தாயாரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். நண்பர்கள் ஒண்டாரியோ ஏரிக்கரைக்குப் போகச் சொன்னார்களாம். அங்கே ஏரி தெற்கே இருக்கிறது. வடக்கே திரும்பினால் நகரத்தின் விளக்குகள்தாம். ஆகவே இவர் வடக்கே ஒரு மணி நேரம் வண்டியோட்டி, சிம்கோ ஏரியின் தென்கரையில் நிறுத்தினார். எதிரே இருண்ட நீர். ஒன்பது மணிக்குமேல் செந்தூண்கள் எழுந்தன. இம்முறை கண்ணுக்கே தெரிந்தன.

முப்பதாண்டுகள் பால்மரம் சீவிய அந்த அம்மா, போர்வைக்குள்ளிருந்து பார்த்துவிட்டு, "பெரட்டுக்குப் போறப்போ கிழக்கே வெளுக்குமே, அந்த மாதிரி இருக்கு. ஆனா திசை மாறியில்ல இருக்கு?" என்றாராம். இலத்தீன்காரர் வைத்த பெயரை அவர் அறியார். பிறகு, "மறுபடி எப்ப வரும்?" என்று கேட்டிருக்கிறார். "இருபத்தேழு நாள் கழித்துப் பார்க்கலாம்" என்று மகள் சொல்லியிருக்கிறார். நான் முன்பு சொல்லிவைத்த பிரவுனின் கணக்கு அது. சூரியக் காற்றின் வேகப்பெருக்கால் வரும் சிறுபுயலுக்கு அக்கணக்குப் பொருந்தும். அன்றைய ஒளி பிழம்பு வீச்சால் வந்தது. அப்படித் திரும்பி வராது. இதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.